பாழ்பட்ட ஆலைகள் பகரும் வரலாறு

‘காகிதம்’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பலமுறை ஆளுகின்றோம். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பாரசீகத்தில் ‘காகஸ்’ என்றும், அரபியில் ‘காகத்’ என்றும் வழங்கிய சொல்லே முஸ்லிம்களின் வணிகத்தோடும் ஆட்சியோடும் இந்திய மண்ணுக்கு வந்து, தமிழில் ‘காகிதம்’ என நிலைபெற்றது. அச்சகத்தாரும் கடைக்காரரும் ஐந்நூறு தாள் கொண்ட கட்டினை ‘ரீம்’ என்கின்றனர். ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த அச்சொல்லும் மூலத்தில் அரபுச் சொல்லே. கட்டு, பொதி எனப் பொருள்படும் ‘ரிஸ்மா’ என்னும் சொல், ஸ்பெயின் நாட்டவர் நாவில் ‘ரெஸ்மா’ ஆகி, பிரெஞ்சு மொழியிற் புகுந்து, ஆங்கிலத்தில் ‘ரீம்’ எனத் தேய்ந்தது.

ஒரே தொழிலைச் சார்ந்த இரு சொற்கள். ஒன்று கிழக்கிலிருந்து நேரே நம்மிடம் வந்தது. மற்றொன்று ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. சொல் மட்டுமா சுற்றிக்கொண்டு வந்தது? அச்சொல்லுக்குரிய தொழிலும் அவ்வாறே கைமாறிச் சென்று, பிற்காலத்தில் விலைப்பொருளாக நம்மிடமே திரும்பி வந்தது. அந்தக் கைமாற்றத்தின் கதையை இத்தாலி நாட்டின் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் கூரையின்றி நிற்கும் பழைய காகித ஆலைகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அமால்ஃபியின் ஆலைப் பள்ளத்தாக்கு

தென்னித்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்குத் தென்கிழக்கே, செங்குத்தான மலைகளுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் அமால்ஃபி. இன்று சிற்றூராயினும், 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அது மத்தியதரைக் கடலின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அவ்வூர் வணிகர்கள் எகிப்திலும் சிரியாவிலும் கொள்வினை கொடுப்பினை நடத்தினர். கெய்ரோ நகரில் தங்கி வாழ்ந்தனர். ஜெரூசலத்தில் தம் சமயப் பயணிகளுக்கென விடுதி ஒன்றையும் அமைத்தனர். அவ்வூர்த் தலைமைத் தேவாலயத்தை அடுத்துள்ள 13ஆம் நூற்றாண்டுத் தாழ்வாரத்தின் பின்னிய வளைவுகளைக் காண்போர்க்கு, இது முஸ்லிம் நாட்டுக் கட்டடமோ என்னும் ஐயம் எழும்.

அவ்வூரின் முதன்மைத் தெரு ஓர் ஆற்றின் மேல் அமைந்திருக்கின்றது. கன்னேத்தோ என்னும் அச்சிற்றாற்றை மூடி, அதன் மீதே தெருவை அமைத்துள்ளனர். கடலுக்கு முதுகைக் காட்டி அத்தெருவழியே மேலேறிச் சென்றால், கடைகள் குறைந்து, வீடுகள் அருகி, எலுமிச்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலைச்சரிவில் தொங்கும். அதற்கும் அப்பால், நீரோசை மிகும் இடத்தில், ‘ஆலைப் பள்ளத்தாக்கு’ எனப் பெயர் பெற்ற பகுதி தொடங்குகின்றது. இரண்டு, மூன்று மாடி உயரச் சுவர்கள் கூரையிழந்து நிற்கின்றன. சாளரங்களின் வழியே கொடிகள் உள்ளே புகுந்து, மறுபுறச் சாளரத்தால் வெளியேறுகின்றன. நீரைச் சுமந்து வந்த கல்வாய்க்கால்களில் பாசி படர்ந்திருக்கின்றது.

அக்கட்டடங்களின் அமைப்பே அவற்றின் தொழிலைச் சொல்லும். அடித்தளம் ஆற்றை ஒட்டியிருக்கும். ஏனெனில் சக்கரத்தைச் சுழற்றுவதும் ஆற்றுநீரே. கந்தலை ஊறவைத்துக் கழுவுவதும் ஆற்றுநீரே. மேல்தளத்தில் வரிசை வரிசையாகத் திறப்புகள் இருக்கும்; ஈரத்தாள்களைக் கொடியில் தொங்கவிட்டுக் காற்றாட உலர்த்தும் இடம் அது. பழந்துணியே மூலப்பொருள். கிழிந்த சணல்நார்த் துணி, பருத்தித் துணி ஆகியவற்றைப் பொறுக்கி, வெட்டி, ஊறவைத்து, கல்தொட்டியில் இடுவர். நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சம்மட்டிகள் ஏறி இறங்கி அதனைக் கூழாக்கும். அச்சம்மட்டிகளின் தலையில் இரும்பு ஆணிகள் பதிந்திருக்கும். கூழை நீரிற் கரைத்து, கம்பி வலையிட்ட சட்டத்தால் அள்ளினால், நீர் வடிந்து தாள் ஒன்று படியும். அதனைக் கம்பளித் துண்டின் மீது கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, உலர்த்தி, பசையில் தோய்த்து, மீண்டும் உலர்த்தி மெருகிடுவர். ஒரு பழைய ஆலையைப் புதுப்பித்து, 1969இல் அங்கு காகித அருங்காட்சியகம் ஒன்று நிறுவப்பெற்றது. அச்சம்மட்டிகளையும் தொட்டிகளையும் இன்றும் அங்கே காணலாம்.

அமால்ஃபியின் காகிதத்திற்கு ‘பம்பாஜினா’ என்பது பழம்பெயர். பருத்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என நெடுங்காலம் எண்ணினர். சிரியா நாட்டு மன்பிஜ் நகரைக் கிரேக்கர் ‘பம்பிகே’ என்று வழங்கினர். அந்நகரப் பெயரின் மருவே இது என்று கருதும் அறிஞரும் உளர். பெயரின் வழக்கு எவ்வாறாயினும், அரபு நாடுகளோடு கொண்டிருந்த வணிக உறவின் வழியே இத்தொழில் அமால்ஃபியை அடைந்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஆகவே, பாழ்பட்ட அவ்வாலைகளின் வேர் எதுவெனத் தேடிச் சென்றால் நாம் கிழக்கு நோக்கியே நடக்க வேண்டும்.

கற்றுக்கொண்ட காலம்

காகிதத்தை முஸ்லிம்கள் கண்டுபிடிக்கவில்லை. இதனை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுதல் நன்று. கி.பி. 105இல் ஸாய் லுன் என்னும் அரண்மனை அலுவலர் அதனைச் செய்யும் முறையைச் சீனப் பேரரசருக்கு விளக்கினார் என்பது சீனர் வரலாறு. அதற்கும் முந்திய காகிதத் துண்டுகளும் சீன மண்ணில் கிடைத்துள்ளன. திருமறையில் வரும் ‘கிர்த்தாஸ்’ என்னும் சொல்லும் அக்காலத்து எழுதுபொருளான நாணல்தாளையோ தோலையோதான் குறித்தது.

கி.பி. 751இல், அதாவது ஹிஜ்ரீ 133இல், மத்திய ஆசியாவின் தலாஸ் ஆற்றங்கரையில் அப்பாஸியர் படையும் சீனர் படையும் மோதின. அப்போரில் சிறைப்பட்ட சீனர்களே சமர்கந்து மக்களுக்குக் காகிதம் செய்யக் கற்பித்தனர் என்று 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸஆலிபீ எழுதி வைத்தார். கேட்கச் சுவையான கதைதான். ஆனால், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அப்பகுதி வணிகர்கள் காகிதத்தில் கடிதம் எழுதினர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஸோக்திய வணிகர்கள் 4ஆம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்களை 1907இல் ஆரல் ஸ்டெயின் துன்ஹுவாங் அருகே கண்டெடுத்தார். ஆகவே, ஒரு போர்க்களத்தில் ஒரே நாளில் கைமாறிய வித்தையன்று இது. சந்தைகளிலும் சாலைகளிலும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட தொழில் என்று கொள்வதே பொருந்தும்.

கற்றுக்கொண்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் ஆட்சியில், 794ஆம் ஆண்டையொட்டி, பாக்தாத் நகரிலும் காகிதம் செய்யும் ஆலை எழுந்தது. அரசாங்கக் கணக்குகளுக்குத் தோலைவிடக் காகிதமே ஏற்றதெனக் கண்டனர். தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு மாற்றி எழுதலாம். காகிதத்தில் அவ்வாறு செய்தால் தடம் தெரிந்துவிடும். விலையும் குறைவு. பாக்தாதின் ‘வர்ராக்’ எனப்பெற்ற நூல் வணிகர்களின் தெருவில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தனவாக வரலாற்றாசிரியர் யஅகூபீ குறித்துள்ளார். ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் புகழ்பெற்ற நூற்பட்டியலை ஹிஜ்ரீ 377இல் தொகுத்த இப்னு நதீம் அத்தொழில் செய்தவரே. அபூ உபைத் அவர்களின் ‘கரீபுல் ஹதீஸ்’ என்னும் நூலின் ஒரு படி, ஹிஜ்ரீ 252இல் காகிதத்தில் எழுதப்பெற்றது. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் அஃது இன்றும் இருக்கின்றது. பதினொரு நூற்றாண்டுகள் கழிந்தும் அழியாத காகிதம் அது!

தொழிலின் நுணுக்கங்களை எழுதி வைக்கவும் அவர்கள் தயங்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட முஇஸ் இப்னு பாதீஸ் அவர்களின் பெயரால் வழங்கும் நூல், மை, எழுதுகோல், நூற்கட்டு ஆகியவற்றோடு காகிதம் செய்யும் முறையையும் விளக்குகின்றது. சணல்நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தல், வெயிலில் காயவைத்தல், மீண்டும் மீண்டும் அலசுதல், இடித்தல், சட்டத்தில் வார்த்தல், மாவுப் பசை பூசுதல் என்று படிப்படியாக அது சொல்கின்றது.

இத்தொழில் மேற்கே ஃபெஸ் நகரையும் ஸ்பெயினின் ஷாத்திபா நகரையும் அடைந்தது. ஷாத்திபா என்றதும் நம் மதரஸாக்களில் பயின்றோர்க்குக் கிராஅத் கலையின் பேரறிஞர் இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்களே நினைவுக்கு வருவார்கள். அந்த இமாமின் ஊரே காகிதத்தின் ஊருமாகும். அங்குச் செய்யப்பெறும் காகிதத்திற்கு நிகர் எங்குமில்லை என்றும், அது கிழக்கும் மேற்கும் செல்கின்றது என்றும் 12ஆம் நூற்றாண்டில் புவியியலறிஞர் இத்ரீஸீ குறித்தார். ஏறத்தாழ 1244இல் அந்நகர் அரகோன் மன்னர் ஜேம்ஸின் கைக்கு மாறியது. ஆனால் அங்குக் காகிதத் தொழில் நிற்கவில்லை. முஸ்லிம் கைவினைஞர்களே புதிய ஆட்சியின்கீழும் அதனைத் தொடர்ந்து செய்தனர்.

ஸிஸிலித் தீவின் கதையும் இதுவே. முஸ்லிம்கள் ஆண்ட அத்தீவு 1091க்குள் நார்மானியர் வசமாயிற்று. ஆட்சி மாறியும் எழுத்துப் பழக்கம் மாறவில்லை. கோமாட்டி அதலெய்டா 1109இல் விடுத்த ஆணை ஒன்று, ஒரு மடத்திற்குப் பாதுகாப்பளிக்குமாறு தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிடுகின்றது. கிரேக்கம், அரபு ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பெற்ற அவ்வாணை காகிதத்தில் அமைந்தது. ஐரோப்பாவில் நாள் குறிக்கப்பெற்று இன்றும் எஞ்சியுள்ள காகித ஆவணங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். ஐரோப்பியர் முதலில் காகிதத்தை நம்பவில்லை. 1231இல் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் சட்டம், பொது ஆவணங்கள் நிலைத்திருக்க வேண்டுமாயின் தோலிலேயே எழுதப்பெற வேண்டும் என விதித்தது. தடை எழுகின்றது என்றாலே, அப்பொருள் பரவிவிட்டது என்பதன்றோ பொருள்!

கைமாறிய தொழில்

இத்தாலியர் கற்றனர், கற்றதை மாற்றினர். நடு இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரில் 1264ஆம் ஆண்டு முதல் காகிதத் தொழிலுக்குச் சான்று கிடைக்கின்றது. அங்கு மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, மலையாறுகளின் வேகத்தைக் கொண்டு பல சம்மட்டிகளை ஒருங்கே இயக்கினர். இரண்டாவது, மாவுப்பசையை விடுத்து, விலங்குத்தோலைக் காய்ச்சியெடுத்த பசையில் தாளைத் தோய்த்தனர். ஈரமான நாட்டில் மாவுப்பசை பூசணம் பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். மூன்றாவது, நாணலும் குதிரைமயிரும் கொண்டு பின்னிய சட்டத்திற்குப் பதிலாக உலோகக் கம்பிச் சட்டத்தைக் கையாண்டனர். அக்கம்பியில் ஓர் உருவத்தை வளைத்துத் தைத்தால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது தாளில் அது தெரியும். இதுவே நீர்க்குறி. 1282 முதல் இக்குறி காணப்படுகின்றது.

இம்மூன்றும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறிய மாற்றங்களே. ஆயின், மூன்றும் சேர்ந்து விலையைக் குறைத்தன; அளவைப் பெருக்கின. 14ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் காகிதம் கப்பலேறி முஸ்லிம் நாட்டுத் துறைமுகங்களில் இறங்கத் தொடங்கிற்று. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த அரசவை எழுத்தாளர் கல்கஷந்தீ, காகித வகைகளைத் தரம் பிரிக்கையில் பாக்தாத் காகிதத்தை முதலிலும், பிறகு சிரியக் காகிதத்தையும் எகிப்தியக் காகிதத்தையும் வைத்து, பிராங்கியர் காகிதத்தை விரைவில் நைந்துபோவது என்று கடைசியில் தள்ளினார். அறிஞர் கடைசியில் வைத்த பொருளைச் சந்தை முதலில் வைத்தது. மலிவான சரக்கு வந்து குவிய, உள்ளூர்த் தொழில் ஒடுங்கிற்று.

அல்ஜீரியாவின் தில்மிசான் நகரில் 1409ஆம் ஆண்டு, ஹிஜ்ரீ 812இல், ஒரு கேள்வி எழுந்தது. பிற சமயத்தார் தம் கைகளால் செய்த, சிலுவை முதலிய குறிகளும் உயிரினங்களின் உருவங்களும் நீர்க்குறியாக அமைந்த இக்காகிதத்தில் முஸ்லிம்கள் எழுதலாமா என்பதே அக்கேள்வி. மார்க்க அறிஞர் இப்னு மர்ஸூக் விரிவான ஒரு ஃபத்வாவால் அதற்கு விடையளித்தார். எழுதுவது கூடும் என்பதே அவருடைய முடிவு. தூய்மையைப் பற்றிய ஐயத்தால் பொருளை விலக்க வேண்டியதில்லை என்றும், அக்குறிகளின் மீது இறைநாமம் எழுதப்படும்போது அவை மறைந்து பொருளிழக்கின்றன என்றும் அவர் கண்டார்.

தேவையறிந்து அளித்த தெளிவான தீர்ப்பு அது. அத்தீர்ப்பு இல்லாவிடில் எத்தனை கிதாபுகள் எழுதப்பெறாமலே போயிருக்கும்! ஆயினும், அந்நிகழ்ச்சியைப் படிக்கும் நம் நெஞ்சில் வேறொரு கேள்வி எழாமல் இல்லை. இக்காகிதத்தை வாங்கலாமா என்ற வினாவிற்கு விடை கிடைத்தது. இத்தகைய காகிதத்தை நாமே ஏன் செய்யவில்லை என்ற வினாவிற்கு விடை தேடுவது மார்க்க அறிஞர் ஒருவரின் கடமை மட்டுமன்று. அது கைவினைஞர், வணிகர், ஆட்சியாளர் அனைவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. பாயும் மலையாறு இல்லாத எகிப்துக்கு இயற்கையே ஒரு தடை என்பது உண்மை. 1348இன் கொள்ளைநோயும் அதன் பின்வந்த பொருளாதாரத் தளர்ச்சியும் தொழிலாளரைக் குறைத்தன என்பதும் உண்மை. ஆனால் பிறர் செய்த மூன்று சிறு மாற்றங்களைக் கண்டு கற்றுக்கொள்வதற்கு இவை மட்டுமே தடையாயிருந்திருக்க முடியுமா? சீனர் தொழிலை வெட்கமின்றிக் கற்ற முன்னோரின் வழித்தோன்றல்கள், இத்தாலியர் தொழிலைக் கற்கத் தயங்கினர். வாங்குவது எளிதாயிருந்தது, வாங்கிக்கொண்டே இருந்துவிட்டனர்.

ஆலைகள் ஓய்ந்த விதம்

வரலாறு எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. அமால்ஃபிக்கும் அதே விதி காத்திருந்தது. 1343இன் கடற்சீற்றம் அந்நகரின் பெரும்பகுதியை விழுங்கி, துறைமுகத்தின் பெருமையைக் குலைத்தது. அதன் பின்னரும் காகித ஆலைகள் பல நூற்றாண்டு இயங்கின. 1799இல் பிரான்சில் லூயி ராபர் என்பார் தொடர்ச்சியாகத் தாள் ஓடும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1840களில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. கந்தல் துணியும் கைச்சட்டமும் நம்பியிருந்த ஆலைகள் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் பெரிய இயந்திரத்திற்கு இடமுமில்லை, ரயில் பாதையுமில்லை. ஒவ்வொன்றாக ஓய்ந்துவந்த அவ்வாலைகள் மீது, 1954 அக்டோபரில் பெருவெள்ளம் பாய்ந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை அன்றோடு முடிந்தன. இன்று அவ்வூரில் பழைய முறையில் காகிதம் செய்வோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

சமர்கந்தும் இதற்கு விலக்கன்று. உலகிலேயே சிறந்த காகிதம் சமர்கந்துக் காகிதம் என்று பேரரசர் பாபர் தம் நினைவுநூலில் குறித்ததோடு, அதற்கு நீர் தரும் கான்இகில் என்னும் இடத்தையும் பெயர் சொல்லிக் காட்டினார். அந்தத் தொழிலும் பிற்காலத்தில் முற்றிலும் மறைந்தது. 20ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் தொடங்கிய முயற்சியால், அதே ஆற்றங்கரையில் முசுக்கட்டை மரப்பட்டையைக் கொண்டு காகிதம் செய்யும் ஆலை ஒன்று மீண்டும் எழுந்துள்ளது. அதன் நீர்ச்சக்கரம் சுழல்வதைக் காண உலகப் பயணிகள் செல்கின்றனர்.

நம் இல்லத்துப் பேழை

இந்தியாவிலும் இத்தொழிலை வளர்த்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்களே. 15ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் சமர்கந்திலிருந்து காகிதக் கைவினைஞரை வரவழைத்தார் என்பது அந்நாட்டு மரபு. தவுலதாபாதின் அருகே காகஸிபுரா என்னும் ஊரே இவர்களால் பெயர் பெற்றது. ராஜஸ்தானத்துச் சாங்கானேரில் ‘காகஸி’ எனப்பெறும் குடும்பத்தார் இன்றும் கையால் காகிதம் செய்கின்றனர்.

தமிழகத்தில் நெடுங்காலம் பனையோலையே ஏடாயிருந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் ஓலையிலேயே மக்கள் படியெடுத்துப் போற்றினர். அது 1842இல் அச்சேறியது. 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் கிஸ்ஸாக்கள், நாமாக்கள், மாலைகள், அரபுத் தமிழ்க் கிதாபுகள் எனக் கல்லச்சிலும் எழுத்தச்சிலும் நம் முன்னோர் எத்தனையோ நூல்களை வெளியிட்டனர். அவை நம் இல்லங்களின் மரப்பெட்டிகளிலும் அலமாரிகளிலும் இன்னும் கிடக்கின்றன.

ஈண்டு ஓர் உண்மையை நாம் மறத்தல் ஆகாது. ஹிஜ்ரீ 252இல் எழுதப்பெற்ற கந்தற் காகிதம் இன்றும் உறுதியாயிருக்கின்றது. நூறாண்டு கூட நிரம்பாத நம் அச்சுநூல்களோ தொட்டவுடன் ஒடிகின்றன. காரணம் காலமன்று, காகிதமே. மரக்கூழில் எஞ்சும் பொருள்களும், மை ஊறாதிருக்கச் சேர்த்த படிகாரமும் தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கி, அதனைப் பழுப்பாக்கித் துகளாக்குகின்றன. ஓலைச்சுவடியைப் பூச்சி அரிக்கும். மரக்கூழ்த்தாளோ தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். ஆகவே, பாட்டனார் காலத்துக் கிதாபு பெட்டியில் பத்திரமாயிருக்கின்றது என்று நாம் மனநிறைவு கொள்ளும் அதே வேளையில், அது உள்ளிருந்தே அழிந்துகொண்டிருக்கின்றது.

அந்நூல்களை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பெயரும் ஆண்டும் அச்சகமும் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் காக்க வேண்டும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் பழந்தமிழ் அச்சுநூல்களைப் படமெடுத்துப் பேணிவருகின்றன. அவற்றின் துணையை நாடலாம். அரபுத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, வீட்டில் ஒரு பிள்ளையேனும் அவர்களிடம் அமர்ந்து அதனைக் கற்க வேண்டும். படிக்க ஆளில்லாத கிதாபும் கூரையில்லாத ஆலையும் ஒன்றே.

நம் திருநபி (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்களிலேயே எழுதுகோல் பேசப்படுகின்றது. அந்த எழுதுகோலுக்குத் தாளைத் தேடிச் சென்றவர்கள் சீனரிடம் கற்றார்கள். கற்றதை உலகுக்கு அளித்தார்கள். அவர்கள் பெருமைக்குரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர்கள் கற்றது போல் நாமும் கற்று, அவர்கள் எழுதி வைத்ததைச் சிதையாமல் நம் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்தாலன்றி, அப்பெருமையைப் பேசும் உரிமை நமக்கில்லை.